கேபின் ஹீட்டர்: மெட்டு ஏறும் லாரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறிப் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்று போகிற வண்டிகளுக்கும், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறி வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் போகிற வண்டிகளுக்கும் கார்த்திகை பிறந்தால் ஒரு கவலை கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். கீழே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர் மேலே போய்ச் சேரும்போது ஸ்டியரிங் பிடித்த கை விறைத்துப்போகிறது. போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அவ்வளவு உயரம் ஏறினாலே 6, 7 டிகிரி குறைந்துவிடும். மூணாறு எஸ்டேட்டுகளில் ஜனவரி விடியலில் பூஜ்யத்தைத் தொட்டு, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இது போதாதென்று ஏலக்காய், வாழை லோடு ஏற்றிக்கொண்டு டிசம்பரில் பஞ்சாப், ஜம்மு வரை போகிறவர்களும் இங்கே உண்டு.

பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கரி அடுப்பு பற்றிய பதிலை மட்டுமாவது எல்லோரும் படித்துவிட வேண்டும்.

ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? தனியாக டீசல் எரிகிறதா?

வண்டியோடு வரும் சாதாரண ஹீட்டரில் தனியாக எதுவும் எரிவதில்லை. இன்ஜினில் எரிகிற டீசலில் பாதிக்கும் குறைவான பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மீதியெல்லாம் வெப்பமாகி, ஒரு பங்கு சைலன்சர் வழியாகவும் இன்னொரு பங்கு இன்ஜினை ஆறவைக்கச் சுற்றும் கூலண்ட் வழியாக ரேடியேட்டருக்கும் போய் காற்றில் கலந்துவிடும்.

ரேடியேட்டருக்குப் போகிற அந்தச் சூட்டில் கொஞ்சத்தைக் கேபினுக்குத் திருப்பிவிடுவதுதான் ஹீட்டரின் வேலை. இன்ஜினிலிருந்து விரல் தடிமன் உள்ள இரண்டு ரப்பர் ஹோஸ்கள் கேபினுக்குள் வரும். ஒன்றில் சூடான கூலண்ட் வரும், மற்றதில் திரும்பிப் போகும். நடுவில் டேஷ்போர்டுக்கு அடியில் சின்ன ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைக் கோர் என்பார்கள், சிலர் காயில் என்பார்கள். பிளோயர் மோட்டார் அதன் மேல் காற்றை ஊதும், அந்தக் காற்று சூடாகிக் காலுக்கும் கண்ணாடிக்கும் வரும். டேஷ்போர்டில் உள்ள குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் ஒரு வால்வு திறந்து கூலண்டைக் கோருக்குள் விடும், அல்லது காற்றைக் கோர் பக்கம் திருப்பிவிடும். வண்டிக்கு வண்டி இது மாறும்.

அப்படியானால் ஹீட்டர் போட்டு ஓட்டினால் மைலேஜ் குறையாதா?

குறையாது. எப்படியும் வெளியே போகிற சூடுதான் உள்ளே வருகிறது. பிளோயர் மோட்டார் இழுக்கிற கரண்ட் மட்டும்தான் கூடுதல் செலவு, அது கணக்கில் சேராது. ஏசிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஏசியில் கம்ப்ரஸரை இன்ஜின் சுற்ற வேண்டும்.

என் வண்டியில் ஹீட்டர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிளோயர் இருப்பதால் மட்டும் ஹீட்டர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். தெற்கே விற்ற வண்டிகளில் வெறும் காற்று ஊதும் பிளோயர் மட்டும் வைத்துக் கொடுத்தவை நிறைய. குமிழில் சிவப்பு, நீலக் கோடு அச்சடித்திருக்கும், பின்னால் கோர் இருக்காது. இன்ஜின் சூடான பிறகு கேபினுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களைத் தேடிப் பாருங்கள். ஹோஸே இல்லையென்றால் ஹீட்டர் இல்லை. இன்ஜின் பக்கம் அந்த இரண்டு வாயையும் அடைப்பான் போட்டு மூடியிருந்தால், பின்னால் பொருத்த இடம் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய வண்டிகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இன்ஜின் மூடி கேபினுக்குள்ளேயே டிரைவர் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும், அதுவே ஹீட்டர். சித்திரையில் கால் வெந்துபோகும், மார்கழியில் கிளீனர் அதன் மேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். இன்றைய கேபினில் இன்ஜின் அடியில் போய்விட்டது, இடையில் தடுப்பும் நல்ல தடிமனாக இருக்கிறது. அதனால் ஹீட்டர் வேலை செய்தால்தான் உள்ளே சூடு.

ஸ்டார்ட் பண்ணி அரைமணி நேரம் ஓடவிட்டேன். இன்னும் குளிர்ந்த காற்றே வருகிறது. ஏன்?

டீசல் இன்ஜினின் குணமே அப்படி. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்றும் குறையும், பெட்ரோலும் குறையும். டீசல் இன்ஜினில் காற்றை அப்படிக் குறைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டர் நிறையக் குளிர்ந்த காற்றை இழுக்கும், அதில் துளி டீசலைத் தெளித்து எரிக்கும். லோடு இல்லாமல் நிற்கும்போது அந்தத் துளி மிகச் சிறியது. எரிகிறது கொஞ்சம், அந்தச் சூட்டிலும் ஒரு பங்கை உள்ளே போன குளிர்ந்த காற்றே சுமந்துகொண்டு சைலன்சர் வழியாகப் போய்விடும்.

அந்தப் பக்கம் சூடாக வேண்டிய பொருளைப் பாருங்கள். பெரிய லாரியில் பல நூறு கிலோ இரும்பு, அதற்குள் 20, 30 லிட்டர் கூலண்ட். நின்றபடி ஓடும் இன்ஜினிலிருந்து கூலண்டுக்குப் போகும் சூட்டை வைத்து இத்தனையையும் 80 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். குளிர் கடுமையானால் முழுச் சூட்டுக்கு வராமலே போகலாம்.

அதனால் காலையில் மூணாறில் வண்டியை எடுக்கிறவர் ஆயில் பிரஷரும் ஏர் பிரஷரும் ஏறும் வரை இன்ஜினை நின்றபடி ஓடவிடுங்கள், அது போதும். அப்புறம் தாழ்ந்த கியரில், இன்ஜினை அதட்டாமல் மெதுவாக உருட்டுங்கள். லோடு விழுந்தால் சூடு தானாக வரும். முதல் சில கிலோமீட்டருக்குப் பிளோயரைக் கண்ணாடிப் பக்கம் குறைவாக வையுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கிய பிறகு கூட்டுங்கள். ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் வைத்தால், பிறக்கிற கொஞ்சச் சூட்டையும் ஊதித் தள்ளிவிடும்.

ஏறும்போது நன்றாகச் சூடு வருகிறது. மெட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் குறைகிறதே?

காரணம் அதேதான். கியரில் விட்டு இறங்கும்போது இப்போதைய காமன்ரெயில் இன்ஜின் டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. எரிவதே இல்லை, ஆனால் குளிர்ந்த காற்றை மட்டும் இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முடிக்கும்போது முள் கீழே வந்திருந்தால் பயப்பட வேண்டாம். புகை போகும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கினால் இன்ஜின் அவ்வளவு ஆறாது. சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் உள்ள வண்டியில் நிலைமை தலைகீழ். நீர்வழி ரிடார்டரின் சூடு கூலண்டுக்கே போவதால் இறங்கும்போதுதான் முள் ஏறும்.

இதைச் சாக்காக வைத்து நியூட்ரலில் இறங்காதீர்கள். இன்ஜின் பிரேக் போய்விடும். டீசலும் மிஞ்சாது, நியூட்ரலில் இன்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ளவே டீசல் எரிக்கும், கியரில் இருந்தால் அதுவும் எரிக்காது.

முள் எப்போதுமே பாதிக்குக் கீழே நிற்கிறது, ஹீட்டரும் வெதுவெதுப்புக்கு மேல் வருவதில்லை. என்ன பழுது?

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு.

தெர்மோஸ்டாட் என்பது கண்மாய் மதகு மாதிரி. கூலண்ட் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும். ஏறக்குறைய 80, 85 டிகிரி வந்ததும் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். ஆறினால் மறுபடி மூடும். இது திறந்தபடி மாட்டிக்கொண்டால் கூலண்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும், ஹீட்டருக்குச் சூடான கூலண்ட் கிடைக்காது.

தனிக் காரணம் என்று சொன்னது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம். கோடையில் வண்டி கொதிக்கிறது என்று போனால், ‘நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே’ என்று கழற்றிவிட்டு அனுப்பும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. பழைய வண்டியை வாங்கியவருக்கு அது இல்லாத விஷயமே தெரியாது. அடுத்த மார்கழியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வருவார். ஹவுசிங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டைதான் இருக்கும்.

நஷ்டம் குளிரோடு நிற்பதில்லை. இன்ஜின் எப்போதும் ஆறியே ஓடினால் டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியில் இன்னும் மோசம். சைலன்சர் போதிய சூட்டுக்கு வராவிட்டால் புகையின் நச்சைக் குறைக்கும் யூரியா தெளிப்பும் புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யும் எரிப்பும் ஒழுங்காக நடக்காது, விளக்கு எரிய ஆரம்பிக்கும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் சுற்றிவிடும். எதற்காகக் கழற்றினார்களோ அந்தக் கொதிப்பே அதிகமாகும்.

வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்ப், மூடி இவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் பழுதென்றால் அதே டிகிரி அளவில் புதிது போடுங்கள். அது அந்தந்த உருப்படியிலேயே பொறித்திருக்கும்.

முள் சரியாகத்தான் நிற்கிறது. ஆனாலும் சூடு வரவில்லை.

இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, கேபினுக்குள் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கையோ துண்டோ தொங்கக் கூடாது. ஓரிரு நொடிக்கு மேல் கை வைக்க முடியாத சூடு இருந்தால் அது சரியான சூடு.

இரண்டும் சூடாக இருந்தால் கூலண்ட் நன்றாகச் சுற்றுகிறது, குறை காற்றுப் பக்கம்தான். பிளோயர் ஓடுகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, காற்றைத் திருப்பும் பலகையின் கேபிள் கழன்றிருக்கிறதா, ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குடோனில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் எலிக்கூடு சாதாரணம்.

ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் கூலண்ட் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. கோர் அடைத்திருக்கும், அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கும்.

இரண்டுமே ஆறிக் கிடந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது கூலண்ட் அளவு குறைந்திருக்கிறது. ஹீட்டர் கோர் பல வண்டிகளில் உயரத்தில் இருப்பதால் கூலண்ட் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான். அந்த வகையில் ஹீட்டர் திடீரென்று நின்றுபோவது ஒரு முன்னெச்சரிக்கை. முள் ஏறுவதற்கு முன்பே எங்கோ ஒழுகுகிறது என்று சொல்லிவிடும். மலையேற்றத்தில் இருக்கும்போது ஹீட்டரிலிருந்து சட்டென்று குளிர்ந்த காற்று வந்தால் ஓரம்கட்டி, இன்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

காற்றை எடுக்க: வண்டி மட்டமான இடத்தில் நிற்கட்டும், ஹீட்டர் வால்வு முழுதும் திறந்திருக்கட்டும், காற்று விடும் திருகாணி இருந்தால் அதைத் தளர்த்திவிட்டுக் குமிழி நிற்கும் வரை மெதுவாகக் கூலண்ட் ஊற்றுங்கள். ரேடியேட்டர் வேலை, ஹோஸ் வேலை எது செய்தாலும் இதைச் செய்ய வேண்டும். பாதிப் புகார் இதோடு தீர்ந்துவிடும்.

கூலண்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் என்ன?

நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கொதித்துக் கொதித்து அது பாறை மாதிரிப் படியும். ரேடியேட்டர் குழாய் கொஞ்சம் பெரியது, தாங்கும். ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை, முதலில் அடைவது அவைதான். மே மாதம் கம்பத்தில் ஊற்றிய உப்புத் தண்ணீருக்குப் பலனை ஜனவரியில் மூணாறில் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

வடக்கே போகும் வண்டிக்கு வெறும் தண்ணீர் ஆபத்து. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஒரே இரவில் கோர், ரேடியேட்டர், சமயத்தில் இன்ஜின் பிளாக்கே பிளந்துவிடும். எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. துருவும் பிடிக்காது. கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ வாய் வைக்கும்படி திறந்து வைக்காதீர்கள்.

கேபினில் இனிப்பான வாடை வந்து, கண்ணாடியில் துடைத்தும் போகாத எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் கோர் ஒழுகுகிறது. தள்ளிப்போடாதீர்கள்.

மெட்டில் கண்ணாடி முழுக்க மூடிக்கொள்கிறது. துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது.

நம் மலைகளில் ஹீட்டர் இருப்பதன் பெரிய பயனே இதில்தான் என்பேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம், கண்ணாடிக்கு என்ன போடுவது?

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்பக்கம் படிந்திருக்கிறது. நம் மூச்சிலும் நனைந்த துணியிலும் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டுகிறது. இதற்கு ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் மூச்சு ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஏசி இல்லாத வண்டியில் வெளிக்காற்றோடு ஹீட்டர், கூடவே ஓரத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.

கோடு விழாவிட்டால் வெளிப்பக்கம். கேரளாவுக்குள் இறங்கி அடிமாலி, கோதமங்கலம் பக்கம் புழுக்கத்தில் ஏசியை அதிகமாக வைத்து ஓட்டும்போது இப்படி ஆகும். வைப்பர் போடுங்கள், ஏசியைக் குறையுங்கள், ஊதுவதைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள்.

ராத்திரி வண்டியில்தான் படுக்கிறோம். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாமா?

பலர் செய்கிறார்கள், நான் வேண்டாம் என்கிறேன். இன்ஜின் அளவைப் பொறுத்து நின்றபடி ஓடினால் மணிக்கு 1 முதல் 3 லிட்டர் டீசல் போகும். 8 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். லோடு இல்லாமல் ஆறி ஓடும் இன்ஜினில் கரி படியும், பி.எஸ்.6 வடிகட்டி சீக்கிரம் அடையும். சைலன்சரில் எங்காவது ஓட்டை இருந்தால் புகை கேபினுக்குள் வரும். செக்போஸ்டில் வரிசையாக நிற்கும்போது பக்கத்து வண்டிப் புகையும் சேரும். பனிப் பிரதேசத்தில் பின்னால் பனி குவிந்து சைலன்சர் வாயை மூடினால் புகை திரும்பி வண்டிக்கு அடியிலேயே தேங்கும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாரியை 5 நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடத் தடையே இருக்கிறது.

நம் மலைக்கு நல்ல கம்பளி, அடியில் தடித்த மெத்தை, ஜன்னலுக்கும் முன்கண்ணாடிக்கும் திரை, இவை போதும். கேபினின் சூடு பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான் போகிறது. திரை போட்டால் தெரியும் வித்தியாசம். ஒரு இஞ்ச் மட்டும் காற்றுக்கு வழி விடுங்கள்.

கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ்வைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துக்கொண்டால்?

கூடாது. கொஞ்ச நேரத்துக்கும் கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

வடக்கே குளிர்காலத்தில் கேபினுக்குள் கரிச்சட்டி வைத்துப் படுத்த டிரைவரும் கிளீனரும் காலையில் எழுந்திருக்காத செய்தி வராத வருடமே இல்லை. மூடிய இடத்தில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆக்ஸிஜனுக்கு இடமில்லை. கரி புகை அடங்கித் தணலாகக் கனியும்போதுதான் ஆபத்தில்லை என்று உள்ளே எடுத்து வைக்கிறார்கள். அப்போதும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். கேஸ் ஸ்டவ்வும் மூடிய கேபினில் ஆக்ஸிஜனைத் தின்று அதே வாயுவைக் கக்கும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கை கால் தளர்ச்சி, இவைதான் அறிகுறி. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. யாராவது அப்படிக் கிடந்தால் கதவுகளை விரியத் திறந்து, வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கேபினில் அடுப்பு இருந்தது என்று கட்டாயம் சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடாதீர்கள்.

வண்டி வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் கரிச்சட்டி தேடுவது குளிர் தாங்காமல்தான். நல்ல கம்பளி இரண்டும் வேலை செய்யும் ஹீட்டரும் கொடுத்து அனுப்புவது உங்கள் பொறுப்பு.

வெளிநாட்டு லாரிகளில் இன்ஜினை அணைத்துவிட்டே சூடாகத் தூங்குகிறார்களாமே?

ஆமாம். அது டீசலில் எரியும் தனி ஹீட்டர். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் இரண்டும் இதில் பெயர் பெற்றவை. சீட்டுக்கு அடியில் அடங்கும் சின்னப் பெட்டி. வண்டி டேங்கிலிருந்தே ஒரு சின்ன பம்ப் ‘டிக், டிக்’ என்று துளித்துளியாக டீசலை அனுப்பும். உள்ளே சிவக்கும் ஒரு கம்பி அதைப் பற்றவைக்கும். தீ எரிவது மூடிய அறைக்குள். எரியத் தேவையான காற்று வெளியிலிருந்து வரும், புகையும் தனிக் குழாயில் வெளியே போகும். கேபின் காற்று அந்த அறையின் வெளிச்சுவரைத் தொட்டுச் சூடாகித் திரும்பும், புகையோடு கலப்பதே இல்லை. கரி அடுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று மணிக்குச் சுமார் 100 முதல் 250 மில்லி டீசல் குடிக்கும். ஒரு ராத்திரிக்கு ஒன்றிரண்டு லிட்டர். பற்றவைக்கும்போது மட்டும் பேட்டரியிலிருந்து அதிகம் இழுக்கும், அப்புறம் ஒரு சின்ன பல்பு அளவுதான். அணைத்த பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓடி உள்ளே ஆறவைக்கும். அந்த நேரத்தில் பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டால் பர்னர் வெந்துபோகும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் டீசல் ஹீட்டர் வாங்கலாமா?

வேலை செய்யும். ஆனால் அதைப் பொருத்துகிறவரைப் பொறுத்துத்தான் உயிர். புகைக் குழாய் முழுதும் கேபினுக்கு வெளியே இருக்க வேண்டும், மூட்டு எதுவும் உள்ளே வரக் கூடாது. அதன் வாய் ஜன்னலுக்கோ காற்று இழுக்கும் வாய்க்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது, தார்ப்பாயிலிருந்தும் வயர்களிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். கூடவே ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாங்கித் தலைமாட்டில் மாட்டுங்கள். பெட்ரோல் டேங்கரிலும் தீப்பிடிக்கும் லோடு ஏற்றும் வண்டியிலும் இதை வைக்கவே வேண்டாம். டேங்கில் டீசல் ஊற்றும்போதும் பங்கில் டீசல் பிடிக்கும்போதும் இது அணைந்திருக்க வேண்டும்.

போடி, குமுளி வரை ஓடும் வண்டிக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

பேட்டரியில் ஓடும் கரண்ட் ஹீட்டர்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் 80 ஆம்பியருக்கு மேல். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஜோடி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது, காலையில் செல்ஃப் எடுக்காது. வேண்டுமானால் 24 வோல்ட் மின்கம்பளி வாங்கலாம். 60 வாட் என்றால் இரண்டரை ஆம்பியர், ராத்திரி முழுதும் 20 ஆம்பியர்-மணிதான். பேட்டரி நன்றாக இருந்தால் தாங்கும்.

முன் கிரில்லை அட்டை வைத்து மூடினால் சீக்கிரம் சூடாகுமா?

ஆகும், கடும் குளிரில் உலகம் முழுதும் செய்கிற வேலைதான். ஆனால் மூணாறுக்கு வேண்டாம். மெட்டு ஏறும்போது இன்ஜினுக்கு முழுக் காற்றும் தேவை, டர்போ காற்றை ஆறவைக்க முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்கும் தேவை. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் அட்டைக்கு அவசியமே இல்லை. காஷ்மீரில் மூடினாலும் பாதி மட்டும் மூடி, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

காஷ்மீர் பக்கம் போகிறோம். ஹீட்டர் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

டீசல். குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். எந்த வெப்பநிலை வரை ஃபில்டர் அடைக்காமல் ஓட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர விதியில் கோடைக்கு 18 டிகிரி, குளிர்காலத்துக்கு 6 டிகிரி என்று வரம்பு உண்டு. ஆகவே தெற்கே பிடித்த டீசலை டேங்க் நிறைய வைத்துக்கொண்டு பனிக்குள் போகாதீர்கள். பஞ்சாபிலோ ஜம்முவிலோ டேங்க் குறைந்த நிலையில் போய்ச் சேர்ந்து அங்கே பிடியுங்கள். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழி இன்றைய பம்புக்கு ஆகாது. அது கலப்படக் குற்றமும்கூட. டேங்குக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சுவதை நினைக்கவே வேண்டாம்.

ஆட்புளூ என்கிற யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், அந்த டேங்கைச் சூடாக்கவும் இன்ஜின் கூலண்டே சுற்றிப் போகிறது, வண்டி ஓடினால் உருகிவிடும். விரிய இடம் வேண்டும் என்பதால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள்.

பேட்டரி குளிரில் பாதி பலம்தான் காட்டும். ஏர் டேங்குகளில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள், உறைந்தால் பிரேக் வால்வு மாட்டும். பனிஹால், ராம்பன் பக்கம் 44-ஆம் நெடுஞ்சாலை மண்சரிவிலும் பனியிலும் நாள் கணக்கில் அடைபடுவது வழக்கம். அரிசி, தண்ணீர், மாத்திரை, கம்பளி ஒரு நாளைக்கு மேல் தாங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எப்போதும் வெளியே.

புது லாரிகளில் ஏசி கட்டாயம் என்கிறார்களே, அப்போது ஹீட்டரும் வருமா?

3.5 டன்னுக்கு மேல் உள்ள புது லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி பேசுவது ஏசியைப் பற்றி. பல மாடல்களில் ஏசி பெட்டிக்குள்ளேயே ஹீட்டர் கோரும் சேர்ந்து வருகிறது, எல்லாவற்றிலும் அல்ல. புக் பண்ணும்போதே ஷோரூமில் கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள்.

பழைய வண்டிக்குப் புதிதாக ஹீட்டர் வைக்க முடியுமா?

இன்ஜினில் ஹோஸ் எடுக்கும் வாய்கள் இருந்தால் ஒரு நாள் வேலை. அதே மாடலின் ஹீட்டர் கோரும் பெட்டியும் பழைய இரும்புக் கடைகளில்கூடக் கிடைக்கும். கோரை வாங்குமுன் தண்ணீரில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஹோஸ் மட்டும் புதிதாக, சூடு தாங்கும் ரகமாகப் போடுங்கள். கேபின் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் வைக்காவிட்டால் அறுந்துவிடும். இன்ஜின் பக்கம் இரண்டு ஹோஸிலும் கையால் மூடும் குழாய் ஒவ்வொன்று வைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் மூடி வைத்தால் கேபின் வேகாது, நடுவழியில் கோர் ஒழுகினாலும் மூடிவிட்டு வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கலாம்.